பையில் வைக்காத பொதி

பழமொழி நானூற்றிலே, வழிப்பயணத்துக்கு எடுத்துச் செல்லும் உணவுக்கு 'ஆற்றுணா' என்றொரு அழகான சொல் வருகின்றது. ஆறு என்றால் வழி. வழியிலே உண்பது ஆற்றுணா. நன்கு கற்றவனுக்கு எந்த நாடும் சொந்த நாடே. ஆகையால் அவன் அதைக் கட்டிச் சுமக்க வேண்டியதில்லை என்பது அந்தப் பாடலின் கருத்து. வகுப்பிலே இதனை நடத்தும்போது, ஆண்டுக்கு ஒருவனாவது பின்வரிசையிலிருந்து எழுந்து, "அப்ப சேர், அவருக்கு ஆர் சோறு போடுறது?" என்று கேட்பான். வகுப்பு முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். ஆனால் அந்தக் கேள்வி சிரித்துக் கடந்துவிடக்கூடிய கேள்வியல்ல. இன்று அதையே எடுத்துக்கொள்வோம்.

விடை தேடுவதற்கு நான் தெரிந்துகொண்டவர்கள் புலவர்களல்லர்; துவிச்சக்கர வண்டியில் நாடு கடந்து போனவர்கள். கப்பலிலே போகிறவன் பத்துப் பெட்டி ஏற்றலாம். குதிரையிலோ ஒட்டகத்திலோ போகிறவன் பாரத்தை விலங்கின் முதுகில் வைத்துவிடலாம். சைக்கிளிலே போகிறவனுக்குத் தானே வண்டிக்காரன், தானே மாடு. பையிலே வைத்த ஒவ்வொரு அவுன்சையும் தன் சொந்த முழங்காலினாலேயே மேட்டில் ஏற்ற வேண்டும். பின்சில்லின் கம்பிகள் பாரத்தினாலே அறுந்தால், அடுத்த பட்டினம்வரை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே 'எதைக் கொண்டு போவது' என்பதைவிட 'எதை விட்டுவிட்டுப் போவது' என்பதே அவனுடைய பெரிய கேள்வி. இந்தப் பயணங்களின் நூற்றுநாற்பது ஆண்டு வரலாற்றை, விட்டுச் சென்ற பொருள்களின் வரலாறாகவும் படிக்கலாம்.

முதலாமவர் தோமஸ் ஸ்டீவன்ஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவிலே குடியேறியவர். 1884ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். அவருடைய வண்டி இன்று நாம் காண்கின்ற சைக்கிள் அல்ல. முன்னே ஐம்பது அங்குல விட்டமுள்ள பெரிய சில்லு, பின்னே மிகச் சிறியது, பெரிய சில்லின் உச்சியிலே ஆசனம். அந்த வண்டியிலே மூட்டை கட்ட இடமே இல்லை. கைபிடியில் சிறு பொதியொன்றைக் கட்டலாம். அதுவும் அளவுக்கு மிஞ்சினால், கல்லொன்று தடுக்கியவுடன் ஓட்டுபவர் தலைகீழாக முன்னே விழுவார். ஸ்டீவன்ஸ் கொண்டு சென்றவை காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு ஒன்று, கைத்துப்பாக்கி ஒன்று. மழை பெய்தால் அணிவதும், இரவிலே கூடாரமாக்குவதும், படுக்கையாகச் சுற்றிக்கொள்வதும் அந்த ஒரே மழைக்கோட்டுத்தான். ஒரு பொருளுக்கு ஒரு வேலை மட்டுமே இருந்தால் அது பையிலே இடம்பெறத் தகுதியற்றது என்னும் விதி அன்றே பிறந்துவிட்டது.

அவர் அமெரிக்காவைக் கடந்து, அடுத்த ஆண்டு மே மாதத்தில் லிவர்பூலிலிருந்து மீண்டும் தொடங்கி, ஐரோப்பாவையும் துருக்கியையும் பாரசீகத்தையும் கடந்தார். பனிக்காலத்தைத் தெஹ்ரானிலே கழித்தார். ஆப்கானிஸ்தானிலே அதிகாரிகள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். போட்டு வைத்த பாதை முழுவதும் அங்கே சிதறியது. ஆனாலும் அவர் பயணத்தைக் கைவிடவில்லை. மேற்கே திரும்பி, கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை பெருஞ்சாலை வழியே ஓடினார். பின்னர் சீனா, யப்பான். 1886ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி யோகோஹாமாவிலே பயணம் நிறைவுற்றது. சில்லிலே ஓடிய தூரம் மட்டும் ஏறத்தாழ 13,500 மைல். பாரம் குறைவாக இருந்தபடியாலேதான் திட்டம் குலைந்த இடத்திலே அவரால் சட்டென்று திசை மாற முடிந்தது. பத்துப் பெட்டியோடு போனவருக்கு அது இயன்றிராது.

சோறு போட்டவர் யார் என்ற கேள்விக்கும் அவருடைய பயணத்திலே ஒரு விடை கிடைக்கிறது. அனத்தோலியாவின் சிற்றூர்களிலே மக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "ஏறு, பார்ப்போம்" என்று வற்புறுத்தினார்கள். களைத்து விழுந்த நிலையிலும் அவர் ஏறி ஓடிக் காட்ட வேண்டியிருந்தது. பிறகே இளைப்பாறல். கூத்தாடி ஊருக்கு வந்தால் ஆடித்தானே உண்ண வேண்டும்! அவர் சலித்துக்கொண்டாலும், அந்தக் கொடுக்கல் வாங்கலிலே ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது.

அடுத்து வருகிறவர்களே இவ்வுரையின் நடுநாயகமானவர்கள். தோமஸ் அலன், வில்லியம் சாக்ட்லெபன் என்ற இரு இளைஞர்கள். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்திலே 1890இல் பட்டம் பெற்ற கையோடு உலகம் சுற்றப் புறப்பட்டவர்கள். இவர்கள் காலத்திலே சமமான இரு சில்லுகளும் சங்கிலியும் கொண்ட 'சேஃப்டி' வண்டி வந்துவிட்டது. அதன் சட்டத்தின் நடுவிலே ஓர் இடைவெளி உண்டல்லவா? அந்த இடைவெளியிலே பொருந்தும்படி தோற்பையொன்றை இவர்கள் தாமே வடிவமைத்து, இங்கிலாந்திலிருந்து புறப்படுமுன் காப்புரிமையும் பெற்றிருந்தார்கள். பாரம் வண்டியின் நடுவிலே தாழ்வாக இருந்தால் வண்டி ஆடாது. இன்று வெளிநாட்டுக் கடைகளில் புதுமையென்று விற்கப்படுகின்ற சட்டப்பைகளின் பாட்டன் அது.

1892ஆம் ஆண்டு இவர்கள் சீன எல்லைக்குள்ளே, குல்ஜா என்ற பட்டினத்திலே நின்றார்கள். முன்னே கோபிப் பாலைவனம். பீக்கிங் நகரம் ஏறத்தாழ மூவாயிரம் மைல் தொலைவில். அங்கேதான் இவர்கள் தங்கள் பொருள்களையெல்லாம் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினார்கள். ஆயத்தம் என்பதே பெரும்பாலும் கழித்தல்தான் என்பது இவர்கள் பின்னர் எழுதிய நூலிலே காணும் கருத்து. கைபிடித் தண்டையும் ஆசனத் தண்டையும் வெட்டிக் குறுக்கினார்கள். ஆசையோடு காப்புரிமை பெற்ற அந்தத் தோற்பைகளையே கழற்றி எறிந்துவிட்டு, கம்பளிச் சால்வையாலும் எண்ணெய்த் துணியாலும் தைத்த படுக்கைப் பைகளை அவ்விடத்திலே கட்டினார்கள். உடுப்பிலே மிகையாயிருந்த பொத்தான்களும் போயின. ஒரு புகைப்படக் கருவியை விற்று, அந்த இடத்திலே உணவுப்பை ஒன்றை வைத்தார்கள். மிஞ்சிய படச்சுருள்களையும் பிறவற்றையும் சைபீரியா வழியாகத் தபாலிலே பீக்கிங்குக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவு கழித்த பின்னரும் ஒரு பாரம் குறையவில்லை. அது பணம். சீனத்தின் உட்பகுதியிலே இவர்களுடைய வங்கிக் கடிதம் செல்லாது. செல்லுகின்ற காசோ நடுவிலே சதுரத் துளையிட்டுக் கயிற்றிலே கோத்த சிறு நாணயம். சிறிதளவு வெள்ளியை மாற்றினாலே தூக்க முடியாத அளவு நாணயம் கையிலே சேரும். பிற இடர்கள் உங்களைத் தடுக்காவிட்டாலும் இது ஒன்றே தடுத்துவிடும் என்று அங்கிருந்த இரசியக் கொன்சல் எச்சரித்தாராம். இவர்கள் வெள்ளியை வாங்கிச் சிறு துண்டுகளாக நறுக்கினார்கள். வண்டியின் சட்டம் உள்ளே வெறும் குழாய்தானே? அதற்குள்ளே பெரும்பகுதியை ஒளித்து வைத்தார்கள். கள்வர் கண்ணிலே படாது. தனிப் பையும் வேண்டாம். 1892 நவம்பரிலே இவர்கள் பீக்கிங்கை அடைந்தார்கள். அதன் பின்னர் இவர்களைச் சந்தித்த சீனத்து முதுபெரும் அரசியல்வாதி லி ஹுங் சாங், இவர்கள் ஏன் இப்படி வந்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ளப் பல கேள்விகள் கேட்டார்.

இவ்வளவையும் படிக்கும்போது வியப்புத் தோன்றுகிறது. கூடவே ஓர் ஐயமும் தோன்ற வேண்டும். இவர்கள் உண்மையிலே பாரமில்லாமல்தான் போனார்களா? துருக்கியிலே இவர்கள் பணம் பெற்றது அங்கங்கே இருந்த மிசனரிமாரிடம். எல்லைகளிலே துணைநின்றவர்கள் கொன்சல்மார். மிகைப் பொருள்களைச் சுமந்தது இரசியப் பேரரசின் தபால். ஸ்டீவன்ஸ் ஓடிய இந்தியப் பெருஞ்சாலையோ பிரித்தானிய ஆட்சியின் காவலிலே இருந்தது. வெள்ளைத் தோலும், மேலைநாட்டுக் கடவுச்சீட்டும், இடுப்பிலே துப்பாக்கியும் கொண்ட ஒருவர் இரண்டு சட்டையோடு உலகம் சுற்றலாம். அவருடைய மீதிப் பொதியைப் பேரரசுகள் சுமந்தன. அது எந்தத் தராசிலும் ஏறாத பொதி.

அந்தப் பொதியும் எப்போதும் காப்பாற்றியதில்லை. பிட்ஸ்பர்க் நகரத்துப் பிராங் லென்ஸ் என்பவர் 1892இல் தனியாகப் புறப்பட்டார். படக்கருவியை முதுகிலே கட்டிக்கொண்டு, அமெரிக்கா, யப்பான், சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் எல்லாம் கடந்தார். 1894 மே மாதத்திலே துருக்கியின் கிழக்கு எல்லையிலே காணாமற் போனார். அடுத்த ஆண்டு அவரைத் தேடி அனுப்பப்பட்டவர் வேறு யாருமல்லர், சாக்ட்லெபனே. அவர் கொலையுண்டார் என்ற முடிவையே சாக்ட்லெபன் கொண்டு வர முடிந்தது. இருவராகச் சென்றவர்களுள் ஒருவர், தனியாகச் சென்றவரைத் தேடித் திரும்பிய அந்தக் காட்சி மனத்தை விட்டு அகல்வதில்லை. எதையெல்லாம் குறைக்கலாம் என்று எண்ணுகிறவர்கள், துணையைக் குறைப்பதற்கு முன் ஒருமுறை லென்ஸை நினைத்துக்கொள்வது நன்று.

அதே 1894ஆம் ஆண்டு ஜூன் மாதம் பொஸ்டனிலிருந்து ஒரு பெண் புறப்பட்டார். அவர் பெயர் அனி கொப்சோவ்ஸ்கி. 'லண்டன்டெரி' என்ற நீர்க் கம்பனி நூறு டொலர் கொடுக்க, அதன் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு அனி லண்டன்டெரி ஆனார். மூன்று குழந்தைகளின் தாய். மாற்றுடை ஒன்றும் கைத்துப்பாக்கி ஒன்றுமே அவருடைய பொதி. ஆனால் வண்டியோ 42 றாத்தல் நிறை. உடுத்திருந்ததோ நீண்ட பாவாடை. சிகாகோவை அடைந்தபோது உடல் மெலிந்து, பனிக்காலமும் நெருங்கிவிட்டது. அங்கே அவர் இரண்டு காரியங்களைச் செய்தார். 21 றாத்தல் நிறையுள்ள ஆண்கள் வண்டிக்கு மாறினார். பாவாடையை விட்டுக் காற்சட்டை வகை உடைக்கு மாறினார். அவர் கழித்த பாரத்திலே பெரியது எது என்று கேட்டால், வண்டியைவிடப் பாவாடையே என்பேன். அந்தப் பாவாடையைத் துணியாலே மட்டும் தைத்திருக்கவில்லையே! பின்பு பிரான்சிலிருந்து கப்பலேறிக் கீழைத் துறைகளைத் தொட்டுக்கொண்டு வந்த வழியிலே, 1895இன் தொடக்கத்தில் நமது கொழும்புத் துறையும் ஒன்று. சைக்கிளிலே ஓடியதைவிடக் கப்பலிலே வந்ததே அதிகம் என்று அன்றே குறை சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அவர் இறக்கி வைத்த பாரத்தை அந்தக் குறை குறைத்துவிடாது.

ஆசியாவிலிருந்தும் புறப்பட்டவர்கள் உண்டு. 1923 ஒக்டோபரிலே பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் அறுவர் சைக்கிளிலே கிளம்பினார்கள். 1928 மார்ச்சிலே சுற்றை முடித்துத் திரும்பியவர்கள் மூவர். சில்கெட் மாவட்டத்து வங்காளியான ராம்நாத் பிஸ்வாஸ் 1931 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டார். இரண்டு போர்வை, ஒரு சோடி செருப்பு, வண்டி திருத்தும் கருவிகள். அவ்வளவே. இவர்களுக்கு எந்தப் பேரரசும் சொந்தமில்லை. அடிமை நாட்டின் குடிமக்களாகவே உலகத்தைப் பார்க்கப் போனார்கள். ஸ்டீவன்ஸின் சிறிய பொதியும் பிஸ்வாஸின் சிறிய பொதியும் தராசிலே ஏறக்குறைய ஒன்றாக நிற்கலாம்; வரலாற்றிலே ஒன்றல்ல.

இறுதியாக, அயர்லாந்தின் லிஸ்மோர் என்ற சிற்றூரைச் சேர்ந்த டேர்வ்லா மேர்பி. பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலகப் படநூலும் பரிசாகக் கிடைத்தன. அன்றே இந்தியாவுக்குச் சைக்கிளிலே போவதென்று முடிவு செய்தார். ஆனால் நோயுற்ற தாயைப் பராமரிக்கும் கடமை இருந்தது. ஆண்டுகள் கழிந்தன. பெற்றோர் இருவரும் காலமான பின்னர், 1963 ஜனவரி 14ஆம் திகதி, ஐரோப்பா கடும் பனியிலே உறைந்து கிடந்தபோது, டன்கேர்க்கிலிருந்து தன் ஆர்ம்ஸ்ட்ரோங் சைக்கிளிலே புறப்பட்டார். டொன் கிஹோட்டேயின் குதிரையை நினைந்து அதற்கு 'ரொசினாந்தே' என்று பெயர் வைத்து, 'றொஸ்' என்று செல்லமாக அழைத்தார்.

அவர் திட்டமிட்ட விதம் படிக்கத்தக்கது. வண்டியிலிருந்த மூன்று கியர்களையும் கழற்றிவிட்டார். ஆசியப் பாதைகளிலே அது பழுதானால் திருத்த ஆளில்லை. சாதாரண வண்டியென்றால் எந்த ஊர்க் கொல்லனும் கை வைக்கலாம். மாற்று ரயர்களைச் சுமக்கவில்லை. வழியிலுள்ள பிரித்தானியத் தூதரகங்களுக்கு முன்கூட்டியே தபாலிலே அனுப்பிவைத்தார். ஆறு மாதங்களில் துருக்கி, பாரசீகம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே டெல்லியை அடைந்தபோது, அவருடைய முழுச் செலவு ஏறத்தாழ 64 பவுண். ஆப்கானிஸ்தானிலே பஸ்ஸொன்றில் நடந்த சச்சரவில் துப்பாக்கிப் பிடியால் அடிபட்டு விலா எலும்புகள் முறிந்ததும் உண்டு. அந்நாட்டின் விருந்தோம்பலிலே மனம் பறிகொடுத்ததும் உண்டு.

டெல்லியோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. அந்த ஆண்டே தர்மசாலாவுக்குச் சென்று, திபெத்திய அகதிக் குழந்தைகளின் முகாமிலே பணியாற்றினார். 1959க்குப் பின் மலைகளைக் கடந்து வந்தவர்களின் குழந்தைகள் அவர்கள். விரும்பிப் பாரத்தைக் குறைத்த ஒருவர், பாரமே இல்லாமல் ஆக்கப்பட்டவர்களின் நடுவிலே போய் நின்றார். இரு வகையினருக்கும் கையிலே இருந்தது கொஞ்சந்தான். ஆனால் அவருக்கு லிஸ்மோரிலே வீடு இருந்தது. 2022ஆம் ஆண்டு மே மாதம், தொண்ணூறாவது வயதிலே, அந்த லிஸ்மோரிலேயே அவர் கண்ணை மூடினார். குழந்தைகளுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. பயணப் பொதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

நமக்கு அது மறக்கக்கூடியதல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒரே வீதியிலே நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. எங்கள் வீட்டிலே ஒரு சைக்கிள். மண்ணெண்ணெய் அரிதாகி, மின்சாரமும் இல்லாத அந்த ஆண்டுகளிலே, அதே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாலே சுற்றி, டைனமோவிலே வானொலி கேட்டவர்கள் நாங்கள். இவ்வுரையை வானொலியிலே கேட்ட என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சில்லின் இரைச்சல் நினைவிருக்கும். அன்றிரவு அம்மா காணி உறுதியையும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீனிலே சுற்றினார். கரியரிலே அரிசி, ஒரு சட்டி, பாய். ஐயா அகராதியைக் கொண்டு வந்து மேலே வைத்தார். வண்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். பின்னர் அதை எடுத்து மேசையிலே வைத்துவிட்டு, அந்த இடத்திலே அம்மம்மாவை உட்காரச் சொன்னார். 1996இல் திரும்பி வந்தபோது மேசையும் இல்லை, அகராதியும் இல்லை. ஐயா அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பல ஆண்டுகளின் பின் அலனும் சாக்ட்லெபனும் குல்ஜாவிலே செய்த கழித்தலைப் படித்தபோது, நான் ஐயாவைத்தான் நினைத்தேன். செய்கை ஒன்றே. பரப்பி வைப்பது, எடுப்பது, அசைத்துப் பார்ப்பது, வைத்துவிட்டுப் போவது. அவர்கள் மிஞ்சியதைப் பீக்கிங்குக்குத் தபாலிலே அனுப்பினார்கள். ஐயாவுக்கு அனுப்ப முகவரி இருக்கவில்லை.

ஆனாலும் தென்மராட்சியிலே முன்பின் தெரியாத ஒரு வீட்டாரின் விறாந்தையிலே எங்கள் பாயை விரித்தோம். அவர்களும் நிறைய உள்ளவர்களல்லர். மூன்று குடும்பங்கள் அந்த விறாந்தையிலே இருந்தன. காலையிலே அந்த வீட்டு அம்மா பெரிய சட்டியிலே கஞ்சி காய்ச்சி, "பிள்ளையள் முதல்ல குடியுங்கோ" என்றார். எங்கள் அரிசியைக் கொடுக்கப் போன அம்மாவை, "வைச்சிருங்கோ தங்கச்சி, பிறகு தேவைப்படும்" என்று தடுத்தார்.

இன்று பிள்ளைகள் சிலர் வெளிநாடுகளிலே நெடுந்தூரச் சைக்கிள் பயணம் போகிறார்கள். எடை குறைந்த கூடாரம், பாதை காட்டும் கைத்தொலைபேசி எல்லாம் உண்டு. போகட்டும், நல்லது. பொருள்களை நிலத்திலே பரப்பிப் பாதியைக் கழியுங்கள். ஒரு பொருளை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துங்கள். எந்த ஊரிலும் திருத்தக்கூடிய வண்டியை எடுங்கள். பனிக்காலத்தைக் கணக்கிலே வையுங்கள். ஆனால் கழித்த பொருள் காற்றிலே மறைந்து போவதில்லை என்பதையும் அறிந்து போங்கள். கூடாரத்தைக் கழித்தால் யாரோ ஒருவருடைய விறாந்தை அதைச் சுமக்கும். அடுப்பைக் கழித்தால் யாரோ ஒருவருடைய சட்டி அதைச் சுமக்கும். உங்கள் பை இலேசாகிற அளவுக்கு உங்கள் கடன் கூடுகிறது.

அடுத்த ஆண்டு அந்தப் பாடலை நடத்தும்போது பின்வரிசையிலிருந்து அதே கேள்வி வரும். ஆற்றுணா இல்லாமல் போகிறவருக்கு யார் சோறு போடுவது? இம்முறை சிரித்துவிட்டுப் போகமாட்டேன். தென்மராட்சியிலே ஓர் அம்மா போட்டார் என்று சொல்வேன்.